முகம் சுளிக்கப் படித்தவர்

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டு ஓரமாக அவருடைய ஜீப் நிற்கும். காலையில் ஏற வருகிறவர்கள், வண்டி எப்போது கிளம்பும் என்று அவரிடம் கேட்பதில்லை. "இன்னாணா, இன்னைக்குப் புளிச்சுதா?" என்றுதான் கேட்பார்கள்.

ஸ்டியரிங்குக்கு மேலே, கண்ணாடியை ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்ட தினதியானப் புத்தகம் ஒன்றும், அட்டை பிய்ந்த பைபிள் ஒன்றும் கிடக்கும். ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும், அன்றைய பக்கத்தைப் படித்து முடிக்காமல் சாவியைத் திருக மாட்டார். வரிக்கு அடியில் விரலை நகர்த்தி, உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பார். முடித்ததும் கண்ணை இறுக்கி மூடுவார். பச்சைப் புளியங்காயைக் கடித்தவன் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போகும் அவர் முகம். பின்சீட்டில் சாமை மூட்டையோடு உட்கார்ந்திருக்கிற ஆள், "புளிச்சிடுச்சுபா, இனிமே எட்த்துடுவாரு" என்று மற்றவர்களுக்குச் சொல்வார்.

அந்தப் புளிப்புக் கதையை எனக்கு அவரே சொன்னார். நான் போளூரிலிருந்து மலைக்கு வந்து, தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை போட்ட புதிது. கடைக்குள் ஒரு அலமாரியில் தியானப் புத்தகங்கள் வைத்திருந்தேன். எங்கள் சபையார் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போய்ப் படித்துவிட்டுக் கொண்டுவந்து வைக்கலாம். நான் எட்டாவதோடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் நானாகப் பொறுக்கிக்கொண்டது. அதனால் புத்தகம் என்றால் எனக்குக் கொஞ்சம் பேராசை. மளமளவென்று படிப்பேன், படித்ததைக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கொட்டுவேன். அவரோ ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் போய் மாதக்கணக்கில் வைத்துக்கொண்டார். இன்னும் முடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"ரெண்டாவது பக்கத்துலயே புளிச்சுப்போச்சு பிரதர். அதத் தாண்ட முடியல."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். "படிக்கிறது புளி திங்கிற மாதிரி இருக்கணும். வாயில போட்டதும் மூஞ்சி சுளிக்கணும். சுளிக்கலன்னா ஒண்ணு அது புளி இல்ல, இல்லன்னா நமக்கு நாக்கு செத்துப்போச்சு."

நான் சிரித்துவிட்டு அதையும் நாலு பேரிடம் சொன்னேன். அப்படித்தான் அது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது.

குள்ளமான மனிதர். சட்டை எப்போதும் வெள்ளை. அது மடிப்புக் கலையாமல் இருந்து நான் பார்த்ததில்லை. மலையிலேயே பிறந்தவர். ஏரிக்கு அப்பால் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊரில், சாமையும் புளியும் வைத்துப் பிழைக்கிற குடும்பம். வாலிபத்தில் வேதத்துக்கு வந்து, கிறிஸ்தவராகி, பிறகு ஜமுனாமரத்தூரிலேயே வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு தங்கிவிட்டார். ஊருக்குப் போவதில்லை. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வெட்கப்படுவதில் அவருக்கு ஈடு கிடையாது. பலாப்பழக் காலத்தில் ஒருநாள், மூன்று பழங்களோடு ஏற வந்த ஒரு கிழவியை, இடம் இல்லை, அடுத்த வண்டிக்குப் போ என்று விரட்டிவிட்டார். இடம் இருந்தது. பழ வாசம் வண்டிக்குள் நிற்குமே என்று அப்படிச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தில் என்ன போட்டிருந்ததோ, முகம் சுருங்கியது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள், ஆபீசுக்கு மனு கொடுக்க வந்து திரும்புகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர்கள், எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். சந்தை முழுக்கத் தேடிக் கிழவியைக் கூட்டிவந்தார். ஒரு பழம் அவர் தோளில், ஒன்று இடுப்பில். கிழவியை முன்சீட்டில் உட்கார வைத்து, தான் விரட்டியது பொய் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கிழவி அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "வுடுப்பா, நீ பொய்தான் சொன்னன்னு எனக்கு அப்பவே தெரியும். இப்ப வண்டிய எடு, வூட்ல கோழி கட்டிக் கெடக்குது" என்றாள்.

எங்கள் சபையில் புது வருஷ ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளாளுக்கு ஒன்றை எடுத்து, அந்த வருஷத்துக்கு நமக்கென்று வந்த வசனம் என்று சந்தோஷமாக வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்வோம். எல்லாம் ஆசீர்வாதமாகவே இருக்கும். அவர் மட்டும் அட்டையோடு ஒரு மூலையில் உட்கார்ந்து, அந்த வசனம் வருகிற அதிகாரத்தை முதலிலிருந்து படிப்பார். ஒரு வருஷம் அப்படிப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இதுக்கு முன்னாடி ஒரு பெரிய திட்டு இருக்குது பிரதர். அத வெட்டிட்டு அச்சடிச்சிருக்காங்க."

ஒரே வருஷத்தில் பைபிளை முழுக்கப் படித்து முடிக்கிறவர்களுக்கு டிசம்பர் கடைசியில் பரிசும் உண்டு. நான் அதில் ஒரு சுவர்க் கடிகாரமும், ஒரு டிபன் கேரியரும் வாங்கியிருக்கிறேன். அவர் எதுவும் வாங்கியதில்லை. அவர் பைபிளைத் திருப்பித் திருப்பி, ஆதியாகமத்திலிருந்து கடைசி வரை, பல தடவை படித்திருந்தார் என்பது சபையில் யாருக்கும் தெரியாது. பாஸ்டர் கேட்கும்போதெல்லாம், இன்னும் முடிக்கவில்லை ஐயா என்றே சொல்லிவந்தார்.

இத்தனையும் நாங்கள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்வோம். சிரிக்காமல், குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டது வேறொன்று. மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வைத்த தட்டின் மேல் மூடிய வெள்ளைத் துணியை பாஸ்டர் எடுக்கப் போகும்போது, அவர் எழுந்து வெளியே போய்விடுவார். கேட்டுக்கு உள்ளே நிற்கிற வேப்ப மரத்தடியில், எல்லாம் முடிகிறவரை உட்கார்ந்திருப்பார். ஒரு மாதம் இல்லை, இரண்டு மாதம் இல்லை, வருஷக்கணக்காக. திருவிருந்து எடுக்காமல் ஒருவர் எழுந்து போனால் சபையார் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திருப்பத்தூரில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று ஒருவர். ராத்திரியில் குடிக்கிறார் போல என்று ஒருவர். அவருடைய வீட்டம்மாவிடமே ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார்கள். அந்த அம்மா, "அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

கேட்க என்னை அனுப்பினார் பாஸ்டர். எனக்கு நன்றாகப் பேச வரும் என்று நினைத்தார். போகும்போது என் அலமாரியிலிருந்து, பாவ மன்னிப்பைப் பற்றிய ஒரு தியானப் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். என்ன பாவம் என்று தெரியாமலே மருந்து எடுத்துக்கொண்டு போனவன் நான்.

ஏரிக்கரையில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்து ஆரம்பித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. துணியைப் பிழிந்து பானெட்டின் மேல் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அவர் ஞானஸ்நானம் எடுத்த கொஞ்ச நாளில் அவருடைய அப்பா இறந்துபோனார். அந்த நேரத்தில் அவர் கைக்குக் கிடைத்த தியானப் புத்தகங்களை எல்லாம் ஒரே மூச்சில் படித்து, விசுவாசத்தில் பலமாகிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தாராம். உலகத்தாரிடமிருந்து பிரிந்து நில் என்பதை அதில் எங்கேயோ பிடித்துக்கொண்டார். சாவுக்குப் போனார். ஆனால் வெள்ளைச் சட்டையும் அக்குளில் பைபிளுமாக, வீட்டுக்கு எதிரே பலா மரத்தடியில் தள்ளி நின்றுகொண்டார். சடங்குகள் நடந்தன. பாடை தூக்குகிற நேரத்தில் அண்ணன் அவரிடம் வந்திருக்கிறார்.

"எங்கண்ணன் சொன்னது இன்னைக்கும் காதுல கீது பிரதர். 'நீ படையல் வெக்க வேணாம். கும்புட வேணாம். மொட்டை அடிக்க வேணாம். அப்பனுக்குத் தோள் மட்டும் குடுடா'ன்னு கேட்டான். நான் தலைய ஆட்டிட்டேன். பக்கத்து வூட்டுக்காரன் வந்து என் எடத்துல தூக்கினான்."

குழி மூடித் திரும்பும்போது அண்ணன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நாளைக்கு அம்மா செத்தால் உனக்குச் சேதி வராது, கனவு கண்டு தெரிஞ்சிக்கோ என்று. சாவுச் சேதி சொல்லாமல் விடுவது என்றால், இப்படி ஒரு மகன் இல்லை என்று ஊரறியச் சொல்வதுதான். அன்றிலிருந்து அம்மா அண்ணன் வீட்டில், இவர் இங்கே.

அதில் அவரை வாட்டியது அது மட்டும் இல்லை. அன்றைக்கு அவருக்கு வெட்கமே வரவில்லையாம். மலை உச்சியில் ஏறி நின்ற மாதிரி இருந்ததாம். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து அதைச் சாட்சியாகவும் சொன்னார். சபை கை தட்டியது. போளூர்க் கூட்டத்தில் சொல்லச் சொன்னார்கள், அங்கேயும் தட்டினார்கள். வருஷக்கணக்கில் சொன்னார். பிறகு ஒருநாள், வழக்கமாகப் படிக்கும்போது, எகிப்தில் அதிகாரியாக இருந்த யோசேப்பு தன் அப்பனைப் புதைக்கிற இடம் வந்தது.

"எவ்ளோ பெரிய அதிகாரி அவன். அந்த ஊரு சாமி வேற, சனம் வேற. அந்த ஊரு வைத்தியன வெச்சே அப்பன் ஒடம்பப் பக்குவம் பண்ணி, அந்த ஊரு ஆளுங்க, தேரு, குதிரை எல்லாத்தையும் கூட்டிக்கினு, எம்மாந் தூரம் தூக்கிக்கினு போயிருக்கான். நானு வாசல்லேர்ந்து குழி வரைக்கும் தூக்கல."

நான் அந்த அதிகாரத்தை எத்தனை வருஷம் படித்து, அட்டவணையில் டிக் போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் சாட்சி சொல்ல எழுந்ததில்லை. அன்றைக்குத் தான் தள்ளி நின்றதற்குச் சாதகமாக, மனசு ஒத்துக்கொள்கிற ஒரு வார்த்தையாவது இருக்கிறதா என்று, முதலிலிருந்து கடைசி வரை பைபிளைத் தேட ஆரம்பித்தார். அவர் திருப்பித் திருப்பிப் படித்தது அதற்குத்தான். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று ஒரு இடம் வந்தது. அன்றிலிருந்து முதல் ஞாயிறுகளில் எழுந்து வெளியே போகிறார். போய் மன்னிப்பும் கேட்டிருக்கிறார். அண்ணன் கதவைத் திறக்கவில்லை.

எனக்கு அவரைத் தேற்ற வேண்டும் போல இருந்தது. படித்தவன் என்கிற கொழுப்பும் இருந்தது. மரித்தவர்களைப் புதைப்பதை மரித்தவர்களுக்கே விட்டுவிடச் சொல்லி ஆண்டவரே ஒருவரிடம் சொல்லியிருக்கிறாரே அண்ணா, உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறதே என்றேன்.

அவர் குரலில் கோபம் இல்லை.

"அது எனக்குத் தெரியும் பிரதர். அதயும் நெஞ்சுல வெச்சிக்கினுதான் அன்னைக்கு நின்னேன். ஆனா அதச் சொன்னவரு சிலுவைல தொங்கும்போது, பெத்தவள ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட்டுதான் செத்தாரு. சிநேகிதன் குழிகிட்ட நின்னு அழுதாரு. ஒரு வசனத்த மட்டும் கிழிச்சி எட்த்துக்கினு போனா, அது நம்ம புது வருஷ அட்டை மாதிரிதான்."

கொண்டுபோன புத்தகத்தை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

பாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். அந்தச் சாட்சிக்குக் கை தட்டச் சொன்னதே நான்தானே என்றார்.

முதல் ஞாயிறுகளில் வெளியே போவதோடு ஜீப்காரர் நிற்கவில்லை என்பதையும் பிறகு கவனித்தேன். மலையில் எந்த ஊரில் யார் செத்தாலும் போய்விடுவார். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, சடங்கு முடிகிறவரை ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார். பாடை தூக்கும்போது மட்டும் எழுந்து வந்து தோள் கொடுப்பார். எந்தச் சாமி கும்பிட்டவர் என்று கேட்க மாட்டார். சபையில் சிலருக்கு இது பொறுக்கவில்லை. வேதத்துக்கு வந்தவன் இப்படிச் சாவுக்குச் சாவு போகலாமா என்று பேசிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் ஜீப்பில் வைத்தே அவரைக் கேலி செய்தார்: "இன்னா தம்பி, மலையில செத்தவன் எல்லாம் உனக்கு மாமன் மச்சானா?"

"இல்லீங்க ஐயா. எனக்கு ஒரு எடம் பாக்கி கீது. அது எங்கன்னு தெரியல, எல்லாத்துலயும் தூக்கிப் பாக்கறேன்" என்று கியரைப் போட்டார்.

அம்மாவுக்கு வயதாகிக்கொண்டே போனது. அந்தப் பக்கத்திலிருந்து ஜீப்பில் ஏறுகிறவர்களிடம், சும்மா கேட்பதுபோல விசாரிப்பார். கிழவி எழுந்து நடக்கிறாளாம், நடக்கவில்லையாம், கஞ்சி குடித்தாளாம். ஒருதடவை பயணிகள் இறங்கிய பிறகு, சாவி போடாமல் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் கேட்டார். "சேதி வருமா பிரதர்?" நான் வரும் என்று சொன்னேன். சொல்ல எனக்கு என்ன அருகதை.

ஒரு முதல் ஞாயிறு. வழக்கம்போல அவர் எழுந்து வெளியே போனார். பாஸ்டர் துணியை எடுத்தார். அப்பத்துண்டு என் உள்ளங்கைக்கு வந்த நேரத்தில், திறந்திருந்த கதவு வழியே கேட்டுக்கு வெளியே ஒருவர் நிற்பது தெரிந்தது. தலையில் துண்டு, செருப்பில்லாத கால். சாவுச் சேதி சொல்ல வருகிறவர் உள்ளே வர மாட்டார். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார். முகஜாடையிலேயே தெரிந்துவிட்டது, அவருடைய அண்ணன்.

வேப்ப மரத்தடியிலிருந்து இவர் எழுந்தார். எங்கள் சபை கூடுகிற தகர ஷெட்டுக்குள் எல்லோரும் அமைதியாக இருந்ததால் அவர்கள் பேசியது அப்படியே உள்ளே கேட்டது.

"அம்மா போய்ட்டா" என்றார் அண்ணன். வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார்: "ஊர்ல எவன் எவன் பொணத்துக்கோ தோள் குடுக்கறியாமே. இதுக்குக் குடுப்பியா?"

இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள்ளிருந்து "குடுக்கறேண்ணா" என்று வந்தது.

"அப்ப வா. வெயில் ஏறிக்கினு போவுது."

ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. அன்றைக்குப் பக்கம் படித்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. உள்ளே யாரும் தலை நிமிரவில்லை. திருப்பத்தூர்க் குடும்பத்தைக் கண்டுபிடித்தவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கையில் அப்பத்தோடு நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கடுத்த மாதத்திலிருந்து அவர் எழுந்து போவதில்லை. தட்டு தன்னிடம் வரும்போது, ஜீப்பில் படித்து முடித்ததும் செய்வாரே, அதே மாதிரி கண்ணை இறுக்கி மூடிவிட்டுத்தான் எடுப்பார்.

சேதி வந்த அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னைப் போகச் சொன்னார். சபை சார்பாக யாராவது அங்கே நிற்க வேண்டும் என்றார். நான் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு ஏரியைத் தாண்டி அந்த ஊருக்குப் போனேன். சாவு வீட்டுக்கு எதிரே நல்ல நிழலாக இருந்தது. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டேன். உள்ளே சடங்குகள் நடந்துகொண்டிருந்தன. எதில் கலந்துகொள்ளலாம், எதில் கூடாது என்று எனக்குப் பிடிபடவில்லை. தள்ளி நிற்பது நல்லது என்று தோன்றியது. அவர் வாசலின் ஒரு பக்கம், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

பாடையைத் தூக்கினார்கள். முன்னால் அண்ணன், அவருக்குப் பக்கத்தில் இவர். வெள்ளைச் சட்டை முழுக்க மண்ணும் மஞ்சளும். நான் நின்ற நிழலுக்குக் கிட்டே வந்ததும், பின்னால் தூக்கி வந்த வயதான ஒருவருக்கு மூச்சு வாங்கியது. ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "யாருங்க அது, வாங்க, கொஞ்சம் புடிங்க" என்றார்.

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அப்போதுதான் அக்குளில் பைபிள் இருப்பது உறைத்தது. ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நான் நிற்கிறேன். மேலே பார்த்தேன். பலா மரம். காய் தொங்கிக்கொண்டிருந்தது. பைபிளைத் தரையில் வைப்பதா, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினேன். பாடை எனக்காக நின்றது.

அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல், மூங்கிலுக்கு அடியிலிருந்தே சொன்னார்.

"ஜீப்புல வெச்சிட்டு வாங்க பிரதர். அது ஒண்ணும் கோச்சிக்காது."

ஓடிப் போய் அவருடைய புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஓடி வந்து பின்பக்க மூங்கிலுக்கு அடியில் தோளைக் கொடுத்தேன். கிழவி இலேசாக இருந்தாள். சாமைக் கொல்லை ஓரமாக நடந்தோம். எல்லோரும் முன்னால் பார்த்து நடந்ததால் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. குழி வருகிற வரைக்கும் அது சுளித்தது சுளித்தபடியே இருந்தது.